ஊன்றிய திருவடி

(திருவாதிரைத் திருநாள் சமயச் சொற்பொழிவு)



வீட்டில் நோய் நீண்டாலும், தொழில் தளர்ந்தாலும், 'யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்' என்று அஞ்சி, மை போட்டுப் பார்ப்பவரையும் மந்திரிப்பவரையும் தேடி ஓடுவோர் இந்நாட்டிலும் குறைவல்லர். திருநீறு பூசிய நெற்றியோடு ஓடுவோரும் உளர் என்பதே வருத்தத்திற்குரியது.

கண்ணுக்குப் புலனாகாத ஒரு கை உயிரை ஆட்டிப்படைக்கிறது என்னும் அச்சம் மிகப் பழையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டளவில் எகிப்து முதலிய இடங்களில் வாழ்ந்த ஞானவாதிகள் என்போர் அவ்வச்சத்திற்குத் தத்துவ வடிவம் தந்தனர். உலகைப் படைத்தவன் முழுமுதற் கடவுள் அல்லன், அறியாமை மிக்க ஒரு சிறுதெய்வமே, அவனும் அவன் ஏவலரும் உயிரை உறக்கத்தில் ஆழ்த்திச் சிறைகாக்கின்றனர் என்பது அவருட் பலர் கொள்கை. 1945-இல் எகிப்தின் நாக் அம்மாடி என்னும் ஊரருகே மண்சாடியொன்றிற் கிடைத்த பழஞ்சுவடிகளால் இவை விரிவாக அறியப்பட்டன.

உயிர் தன்னை மறந்து கிடக்கிறது என்பதில் சைவ சித்தாந்தத்திற்கும் உடன்பாடே. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 8-ஆம் நூற்பா, ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து அயர்ந்த உயிரைச் சுட்டும். அதனை விரித்த அருணந்தி சிவாசாரியார், வேடரிடம் வளர்ந்த அரசகுமரனையே உவமையாக வைத்தார். சிரியமொழிப் பழம்பாடல் ஒன்றிலும் அரசகுமரன் ஒருவன் எகிப்து சென்று, அந்நாட்டு உணவை உண்டு, தன் பிறப்பை மறந்து உறங்குகிறான். அவனை எழுப்பத் தந்தையின் மடல் கழுகுருவிற் பறந்து வருகிறது. சித்தாந்தத்தில் மடல் வருவதில்லை. தந்தையே குருவாய் வருகிறான். இவ்வேறுபாடு சிறிதன்று.

அவ்வாறாயின் உயிரை மறைத்தது யார்? முதலில் மறைத்தது ஆணவம். அதனை ஒருவரும் படைக்கவில்லை. செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே உள்ளது. புறவிருள் பொருள்களை மறைப்பினும் 'இருள் இருக்கிறது' என்றாவது காட்டும். ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் உணர்த்தினார். தனக்கு ஆணவம் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அஃது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவர்க்கே விளங்கும்!

இனி, இறைவனும் மறைக்கிறான். ஐந்தொழில்களுள் நான்காவதாகிய மறைத்தலைப் புரிவது திரோதான சத்தி. கண்ணில் அறுவை செய்த மருத்துவர் அக்கண்ணைத் தாமே கட்டிவைக்கிறார். புண் ஆறுமுன் ஒளி புகுந்தால் கண் தாங்காது. கட்டியவரே நாளறிந்து அவிழ்ப்பார். அதுபோல, இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உயிரை இன்பதுன்பங்களில் செலுத்துவது மலம் பக்குவமடைதற்பொருட்டு. பக்குவம் வந்தபோது அச்சத்தியே அருட்சத்தியாகப் பதிகிறது. மறைக்கும் கை பகைவனுடையதன்று என்று தெளிந்தவர்க்கு மைபோடுபவரிடம் கேட்க வேண்டுவது யாது?

இவ்வுண்மை கூத்தப்பிரான் திருமேனியிலேயே உள்ளது. உடுக்கையிற் படைப்பும், அமைத்த கரத்திற் காப்பும், தீயில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் முத்தியும் அமைந்தமையை மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தில் தெரிவித்தார். திருவாதிரை வைகறையில் அன்பர்கள் தூக்கிய திருவடியையே பெரிதும் நோக்கித் தொழுவர். ஊன்றிய திருவடியையும் சற்று நோக்குக. மறைப்பைச் செய்யும் அத்திருவடியே முயலகனை மிதித்து நிற்கிறது. முயலகனாகிய ஆணவம் இறந்துபடவில்லை. வலியடங்கி, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தபடி அதன்கீழ்க் கிடக்கிறது.

திருச்சிற்றம்பலம்.