வில்லும் நாணும்: நேப்பியர் பாலம் நமக்குச் சொல்வது



பீங்கான் ஊரில் கூடியிருக்கிறோம். இவன் ஏன் பாலத்தைப் பற்றிப் பேச வந்தான் என்று நினைக்காதீர்கள். காங்கிரீட்டும் நம்ம சொந்தக்காரன்தான். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரியில் சூளையில் சுட்டு, ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். குணமும் பீங்கான் குணமே. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். காங்கிரீட்டின் இழுவைத் திறன், அதன் அமுக்கத் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

கல்லும் அப்படியே. நம் விருத்தகிரீஸ்வரர் கோயில் மண்டபத்தில் தூண்கள் ஏன் இத்தனை நெருக்கமாக நிற்கின்றன? மேலே கிடக்கும் கல் உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. தூண்களைத் தள்ளி வைத்தால் உத்தரம் முறிந்துவிடும்.

இதற்கு மனிதன் கண்ட வழி, வளைவு. வளைவில் ஒவ்வொரு துண்டும் அடுத்ததை அமுக்கிக்கொண்டு நிற்கும், இழுப்புக்கு வேலையில்லை. ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. வளைவின் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக உதைக்கும். அந்த உதையை வாங்கக் கரையில் பாறை போன்ற உறுதி வேண்டும்.

சென்னையில் கூவம் கடலில் கலக்கும் இடத்தில் பாறைக்கு எங்கே போவது? எல்லாம் மணல். அங்கே 1869-ல், கவர்னர் நேப்பியர் காலத்தில், ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். அந்த இடத்தில் 1943-ல் வந்ததுதான் ஆறு கண்கள் கொண்ட காங்கிரீட் வளைவுப் பாலம். போக்குவரத்து பெருகியதும், 1990-களின் கடைசியில், பக்கத்திலேயே அதே வடிவில் இன்னொன்றையும் கட்டினார்கள்.

மணலில் வளைவு எப்படி நிற்கிறது? பெயரே சொல்லிவிடும்: வில்நாண் பாலம். சாலைக்கு மேலே வளைந்து நிற்பது வில். சாலை மட்டத்தில் அதன் இரண்டு கால்களையும் இழுத்துக் கட்டியிருக்கும் உத்தரம் நாண். உதையை நாணே வாங்கிக்கொள்கிறது. தூண்களுக்கு நேர் பாரம் மட்டும்தான். வளைவு மேலே இருப்பதால் வெள்ளம் போகக் கீழே இடமும் மிச்சம். 1997-ல் ராஜமுந்திரியில் கோதாவரிமேல் 28 கண்களோடு முடிந்த ரயில் பாலமும் இதே வகைதான்.

இப்போது நாணைக் கவனியுங்கள். அது சதா இழுபடும் பாகம். காங்கிரீட்டுக்கு ஆகாத வேலை அது. அதைச் செய்வது உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் கம்பி. இந்தக் கூட்டுக்கு 1867-ல் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். எதற்குத் தெரியுமா? பூந்தொட்டிக்கு!

காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். ஆனால் கடற்காற்றின் உப்பு மெல்லிய விரிசல் வழியே உள்ளே போனால் அந்தக் காப்பு உடையும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். மேல்பூச்சு உள்ளுக்குள்ளேயே விட்டுப்போகும். வெளியில் வெள்ளையடித்தால் பாலம் புதுசு மாதிரி இருக்கும்.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் முழுக்கச் சதுரங்கக் கட்டம் வரைந்தார்கள். ஊரே ரசித்தது, நானும் ரசித்தேன். அழகு செய்வதில் தவறே இல்லை. ஆனால் வண்ணம் பூசுவது வேறு, பரிசோதிப்பது வேறு. 2025 ஜூலையில் குஜராத்தில், 1985-ல் கட்டிய கம்பீரா பாலம் இடிந்து இருபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அது வில்நாண் பாலம் இல்லை, இடிந்த காரணமும் வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்: பாலம் விழுகிற நாளுக்கு முன்னால், அதை யாராவது கிட்டப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய நாட்கள் நிறைய உண்டு.

எப்படிப் பார்ப்பது? பெரிய கருவிகள் பிறகு வரட்டும். முதல் சோதனை சுத்தியலால் தட்டுவது. நல்ல காங்கிரீட் கணீரென்று பேசும். உள்ளே விட்டுப்போயிருந்தால் ‘பொத்’தென்று ஒலிக்கும். தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்குப் புதிதா? சூளையிலிருந்து இறக்கிய சாமானைத் தட்டிப் பார்த்து, இது நல்லது, இது விரிசல் என்று பிரிக்கிறோமே, அதே காதுதான். சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிமாரின் காதும் அதுவே.

சுட்ட மண்ணின் பலமும் பலவீனமும் தெரிந்தவர்கள் நாம். படித்து முடித்து எந்த வேலைக்குப் போனாலும், உங்கள் ஊர்ப் பாலத்தின் மேலே போவதோடு நிற்காமல், ஒருமுறை கீழே இறங்கியும் பாருங்கள். துருக்கறையோ விரிசலோ கண்ணில் பட்டால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரு கடிதத்துக்கு அதிகம் செலவாகாது.