கொசுக் கணக்கும் கூட்டுறவும்

(கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் கணக்கைப் பார்க்க வந்தவன் கொசுவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். குடும்பத் தலைவன் பத்து நாள் ஜுரத்தில் படுத்தால் கூலி போகிறது. வைத்தியச் செலவு ஏறுகிறது. கடன் தவணை நின்றுவிடுகிறது. ஆகையால் கொசுவும் நமது பேரேட்டைச் சேர்ந்த விஷயமே.

1897-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஸிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் டாக்டர், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடை ஜலத்தில் பெருகுகிறது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நம் வீட்டுத் தொட்டி, ஆட்டுரல் குழி, கொட்டாங்கச்சி, பழைய டயர் இவற்றில் தேங்கும் ஜலத்தையே நாடுகிறது. இது பகலில் கடிப்பது. பெரும்பாலும் பிறந்த இடத்துக்குச் சில நூறு கெஜத்துக்குள்ளேயே திரிவது. ஆகவே அயலூரைக் குறை கூறிப் பிரயோஜனமில்லை. நம்மைக் கடிப்பது நம் தெருவில் பிறந்ததே.

உஷ்ண காலத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்தால் கூத்தாடிப் புழு கொசுவாகுமுன் அழியும். ஆனால் ஜலத்தைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸின் முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். ஜலம் பட்டதும் பொரிக்கும். ஆதலால் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றித் தொட்டியிலுள்ள புழுவைக் கொல்லாது. ஜலம் அருமையாகக் கிடைக்கும் இடத்தில் அதைக் கொட்டச் சொல்வது நியாயமன்று. அங்கே பாத்திரத்தைத் துணியால் இடைவெளியின்றி வாய்கட்டி வைக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். தெருவுக்கு இருவர் வாரந்தோறும் வீடுவீடாகப் பார்த்து, புழு உள்ள பாத்திரங்களை எண்ணி எழுதவேண்டும். 40 வீடுகளில் 6 பாத்திரங்களில் புழு இருந்தால் 100 வீட்டுக்கு 15 ஆகிறது. இதைச் சுகாதார இலாகாவார் ப்ரெட்டோ எண் என்பர். அடுத்த வாரம் 2 பாத்திரமானால் எண் 5, வேலை நடந்திருக்கிறது. 10 பாத்திரமானால் எண் 25. எங்கோ அசட்டை நேர்ந்திருக்கிறது. கொசு கடித்தபின் அறிவதைவிட இப்படி முன்னரே அறிவது மேலல்லவா?

இது புதிய யோசனையன்று. வங்காளத்தில் டாக்டர் கோபால் சந்திர சட்டர்ஜி என்பவர் 1910-களின் இறுதியில் பானிஹாட்டியில் மலேரியா நிவாரணத்துக்கென்றே ஐக்கிய சங்கம் ஸ்தாபித்தார். கிராமத்தார் தாமே சந்தா செலுத்திப் புதர் வெட்டினார்கள். குட்டைகளில் மண்ணெண்ணெய் தெளித்தார்கள். அதைப் பின்பற்றிப் பல கிராமங்களில் சங்கங்கள் தோன்றின.

கடனில் ஒருவர் பாக்கி நின்றால் சங்கம் முழுவதும் சுமக்கிறது. கொசுவிலும் அப்படியே; 39 வீட்டார் கழுவி ஒரு வீட்டார் விட்டால், அந்தப் பாக்கியை ஜுரமாகச் செலுத்துவது பக்கத்து வீட்டுக் குழந்தையாயிருக்கலாம். ஆனால் விட்டவரை ஏசுவதில் லாபமில்லை. தொட்டியைச் சாய்க்க இயலாத கிழவிக்கு இளைஞர் கைகொடுக்கட்டும். அந்நியர் உள்ளே வரக் கூசும் வீட்டுக்குப் பெண்களே சென்று பார்க்கட்டும்.

தெருவாரியாகப் பெயர்களை இன்றே மினிட் புஸ்தகத்தில் பதிந்து, வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் எண்ணத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் அடுத்த முறை வரும்போது ரொக்கப் புஸ்தகத்தோடு கொசுப் புஸ்தகத்தையும் பார்வையிடுவேன்.