ஐந்து தோல்விகள்

நேயர்களே, வெற்றியைப் பற்றிப் பேசுவோர் நாட்டிலே பலர். பள்ளி ஆண்டு விழா மேடைகளில் நானும் பல ஆண்டுகள் அதனையே பேசி வந்தேன். இன்று ஒரு மாறுதலாகத் தோல்வியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட மனிதர் தோல்விக்குப் பேர்போனவர் அல்லர். குத்துச்சண்டையில் உலகத்தையே வென்றவர் என்று புகழப்பட்ட முகமது அலி. தொழில்முறையில் அவர் ஆடிய பந்தயங்கள் 61. அவற்றுள் வென்றவை 56, தோற்றவை 5. அந்த ஐம்பத்தாறின் பெருமையை எடுத்துச் சொல்ல ஆட்கள் உண்டு. எனக்கோ எஞ்சிய ஐந்திலேதான் பாடம் மிகுதியாக இருப்பதாகத் தோன்றுகிறது.

அவரை நான் ஒருமுறை நேரிலே கண்டிருக்கிறேன். 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்திருந்தார். அப்போது நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த இளைஞன். செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் நண்பர்கள் சிலரோடு ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலிருந்த பழைய நேரு விளையாட்டரங்கத்துக்கு நடந்து சென்றேன். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்களும் அவ்விழாவுக்கு வந்திருந்தார்கள். குத்துச்சண்டையை ஓர் உயிர்ப்பொருளாகவே போற்றி வளர்த்த வடசென்னை மக்கள் திரள்திரளாக வந்து குவிந்திருந்தனர். அலியும், அவருடைய ஊர்க்காரரும் இளமைத் தோழருமான ஜிம்மி எல்லிஸும் வெற்றி தோல்வி கணக்கிடாத ஒரு காட்சிப் பந்தயம் ஆடிக் காட்டினார்கள்.

அந்நாளில் அலி ‘முன்னாள் உலகச் சாம்பியன்’. ஓய்வு பெறுவதாக 1979-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டார். உடல் சற்றுப் பருத்திருந்தது. ஆயினும் கால்களை மாற்றி மாற்றி வைத்து அவர் மேடையில் ஒரு வட்டம் வந்தபோது, கூட்டம் எழுப்பிய ஆரவாரம் இன்றும் என் காதில் இருக்கிறது. திரும்பும் ரயிலில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: “இவர் எதற்காக ஓய்வு பெற வேண்டும்? இன்னும் ஓர் ஆட்டம் ஆடலாமே!” அந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், மீண்டும் அதனிடம் வருவேன்.

முதலில் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலி 1942-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காசியஸ் கிளே. பன்னிரண்டு வயதில் அவருடைய சைக்கிள் களவு போயிற்று. திருடனை அடிப்பேன் என்று அழுதுகொண்டு நின்ற சிறுவனை, முதலில் அடிக்கக் கற்றுக்கொள் என்று சொல்லிப் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தவர் ஜோ மார்ட்டின் என்னும் போலீஸ்காரர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம்; 1964-இல் சானி லிஸ்டனை வென்று உலகப் பட்டம். பிறகு இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டார். 1967-இல் வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டினால் சிறை செல்ல நேரவில்லையெனினும், ஓர் ஆட்டக்காரனுக்கு உடல் உரம் மிகுந்திருக்கும் பருவத்தில் மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியாமற் போயிற்று. 1971-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது.

முதல் தோல்வி அவ்வாண்டே, அத்தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்னர், நியூயார்க்கில் மார்ச் 8-ஆம் நாள் வந்தது. எதிரி ஜோ பிரேசியர். அதுவரை இருவருமே தோல்வி அறியாதவர்கள். பதினைந்தாவது சுற்றில் பிரேசியரின் இடக்கைக் குத்து ஒன்று தாடையில் விழ, அலி மல்லாந்து சாய்ந்தார். அரங்கமே மூச்சடைத்து நிற்கையில், நொடிப்பொழுதில் எழுந்து நின்று, சுற்று முடியும்வரை ஆடினார். நடுவர் மூவரும் பிரேசியருக்கே வெற்றி தந்தனர்.

இரண்டாம் தோல்வி 1973 மார்ச் 31-ஆம் நாள், சான் டியேகோ நகரில். கென் நார்ட்டன் அப்போது பெரிதாக அறியப்படாத வீரர். போதிய பயிற்சி இல்லாமல் மேடையேறிய அலிக்குத் தாடை எலும்பு முறிந்தது. முறிந்த தாடையோடு பன்னிரண்டு சுற்றையும் ஆடி முடித்துத் தோற்றார்.

மூன்றாம் தோல்வி 1978 பிப்ரவரி 15-ஆம் நாள், லாஸ் வேகாஸ் நகரில். எதிரியான லியான் ஸ்பிங்ஸ் அதற்குமுன் தொழில்முறையில் ஆடியிருந்தவை ஏழே பந்தயங்கள். சிறுபிள்ளை என்று எண்ணி மேடையேறிய முப்பத்தாறு வயது வீரர், பட்டத்தை இழந்து இறங்கினார்.

இம்மூன்று தோல்விகளுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. மூன்றையும் அவர் திரும்பச் சென்று தீர்த்தார். நார்ட்டனை அதே ஆண்டு செப்டம்பரிலும், பிரேசியரை 1974 ஜனவரியிலும் வென்றார். 1974 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தி, இழந்த பட்டத்தை மீட்டார். ஸ்பிங்ஸிடம் இழந்ததை ஏழு மாதத்திற்குள், நியூ ஆர்லியன்ஸ் நகரில் பெற்றுக்கொண்டார். கனஎடைப் பிரிவில் மும்முறை உலகப் பட்டம் வென்ற முதல் மனிதர் அவரே. தேர்வில் தவறிய பிள்ளைகள் என் அறைவாயிலில் தலை கவிழ்ந்து நின்றபோதெல்லாம் இந்த மூன்று தோல்விகளைத்தான் நான் கதையாகச் சொல்வேன். பல பிள்ளைகள் நிமிர்ந்து போனதுண்டு.

ஆனால், கதையை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். நான்காவதையும் ஐந்தாவதையும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சென்னையில் நாங்கள் கண்டு ஆரவாரித்த அதே 1980-ஆம் ஆண்டு, அக்டோபர் 2-ஆம் நாள், ஓய்வை முறித்துக்கொண்டு லாரி ஹோம்ஸ் என்னும் சாம்பியனை அலி எதிர்த்தார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியோடு பயிற்சி ஆட்டம் ஆடி வளர்ந்தவர். எடையைக் குறைத்து வந்த அலி, பார்வைக்குப் பழைய இளைஞரைப் போலவே இருந்தார். ஆனால் உடலில் வலுவில்லை. தவறாகத் தரப்பட்ட தைராய்டு மருந்து அவரை மேலும் தளர்த்தியிருந்தது. பத்துச் சுற்றுகளில் ஒன்றைக்கூட நடுவர்கள் அவருக்குத் தரவில்லை. தம் ஆசானைப்போன்ற ஒருவரை அடிக்க வேண்டியிருந்ததே என்று வென்ற ஹோம்ஸே பின்னர்க் கண்ணீர் விட்டார். பத்தாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அப்போது கூட இருந்த உதவியாளர் ஒருவர், இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று அவரைப் பிடித்து இழுத்து மன்றாடினாராம்.

அதன் பின்னும் அலி ஓயவில்லை. 1981 டிசம்பர் 11-ஆம் நாள், பஹாமாஸ் தீவின் நாசாவ் நகரில் டிரெவர் பெர்பிக் என்பவரிடம் பத்துச் சுற்று ஆடித் தோற்றார். நாற்பது வயது நிறைய ஒரு மாதமே இருந்தது. ஏற்பாடுகள் மிகவும் குறைவான பந்தயம் அது. சுற்று தொடங்கவும் முடியவும் அடிக்கும் மணியைக் காணாமல், மாட்டின் கழுத்தில் கட்டும் மணி ஒன்றைக் கொண்டுவந்து அடித்தார்கள். உலகம் போற்றிய ஒரு வீரரின் கடைசி ஆட்டம் அந்த மணியோசையில் முடிந்தது. இந்த இரண்டு தோல்விகளையும் திரும்பிச் சென்று தீர்க்க அவருக்குக் காலம் இடம் தரவில்லை. 1984-இல் அவருக்கு நடுக்குவாதம் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது அவர் கை நடுங்கியதை உலகமே பார்த்தது. 2016 ஜூன் 3-ஆம் நாள் காலமானார்.

இது நேராமல் தடுக்க ஒருவரும் இல்லையா? இருந்தார். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, 1977-இலேயே சிறுநீரகம் பழுதடைந்து வருவதைச் சோதனையில் கண்டு, ஆட்டத்தை விட்டுவிடுமாறு அலிக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் எழுதினார். பதில் வரவில்லை. அவர் விலகிக்கொண்டார். இதற்கு எதிரான காட்சி ஒன்றும் உண்டு. 1975-இல் மணிலா நகரில் அலியும் பிரேசியரும் மூன்றாம் முறை மோதினர். பதினான்கு சுற்று முடிந்தபோது பிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. அவர் எழுந்து ஆடவே விரும்பினார். அவருடைய பயிற்சியாளர் எட்டி ஃபட்ச், பட்டம் போனாலும் போகட்டும் என்று ஆட்டத்தை முடித்துவிட்டார். அன்று பிரேசியர் தோற்றார். ஆனால் தம்மைக் காப்பவர் ஒருவர் அருகில் இருக்கப் பெற்றார்.

வள்ளுவர் ‘வலியறிதல்’, ‘காலமறிதல்’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். எதிரியின் வலிமையோடு தன் வலிமையையும், தனக்குத் துணையாவாரின் வலிமையையும் எடைபோடச் சொன்னார். துணையின் வலிமை என்பது உற்சாகமூட்டும் வலிமை மட்டுமன்று. ‘போதும்’ என்று சொல்லக்கூடிய வலிமையும் அதனுள் அடங்கும் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

இதனை நான் நூலில் படித்து அறிந்திருந்தும் நடத்தையில் அறியவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில் கபடி நன்றாக ஆடும் மாணவன் ஒருவன் இருந்தான். மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவன் முழங்கால் வீங்கியிருந்தது. வேண்டாம் ஐயா, பையன் ஓய்வெடுக்கட்டும் என்று உடற்கல்வி ஆசிரியர் கூறினார். நான் மாணவனை அழைத்து, “இந்த ஓர் ஆட்டம் மட்டும் ஆடிவிடு, தம்பி, பள்ளியின் பெயருக்காக” என்றேன். “சரிங்க ஐயா” என்றான். கேடயம் வந்தது. அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்தோம். அவன் அதற்குப் பின் ஆடவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்யும் வேலை தேடிப் பெற்றிருக்கிறான். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, செவ்வாப்பேட்டை ரயில் நிலையப் படிகளைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறுவான். என்னைக் கண்டால் முகம் மலர்ந்து வணங்குகிறான். அவன் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரம்.

அலிக்குப் பணத் தேவையும் இருந்திருக்கலாம்; புகழாசையும் இருந்திருக்கலாம். ஆயினும் அவருடைய கடைசி இரண்டு தோல்விகளில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. இன்னும் ஓர் ஆட்டம் என்று உலகெங்கும் எழுந்த குரலில், அன்று செவ்வாப்பேட்டைக்குத் திரும்பிய ரயிலில் நாங்கள் பேசியதும் ஒரு துளிதானே?

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, விழுந்த பிள்ளையை எழுப்பிவிட நாம் நன்றாகக் கற்றிருக்கிறோம். அது நல்ல காரியம். அலியின் முதல் மூன்று தோல்விகள் அதற்குச் சான்று. அதனோடு, இளைத்த பிள்ளையை உட்காரச் சொல்லவும் கற்றுக்கொள்வோம். தேர்வாயினும் ஆட்டமாயினும், பிள்ளையின் முகத்தையும் உடலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு கை தட்டுவோம்.