இரவில் விழித்திருக்க ஆட்கள் தேவை

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனைக்கு என்ன தேவை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் கட்டில், மருந்து, கருவி என்று ஒரு பட்டியலைச் சொல்லி வந்திருக்கிறோம். நீங்களும் தாராளமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். இன்று கேட்க வந்திருப்பது வேறு. உங்கள் விடுமுறையில் ஒரு வாரத்தைக் கேட்கிறோம். அந்த வாரத்தின் தூக்கத்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கேட்கிறோம்.

முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஒரு தங்கும் முகாம் நடத்த விரும்புகிறோம். பெரியவர்களிடம் நாம் சாதாரணமாய்க் காணும் சர்க்கரை நோய் அல்ல இது. இனிப்பு அதிகம் தின்றதால் வருவதும் அல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே அழித்துவிடுகிறது. ஆகவே அந்தப் பிள்ளை உயிரோடிருக்க நாள்தோறும் பலமுறை இன்சுலின் போட்டாக வேண்டும். இதனால் பெற்றோர் பலர் பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்ப அஞ்சுகிறார்கள். பாட்டி வீட்டில் ஓர் இரவு தங்கவும் விடுவதில்லை. பெண்பிள்ளை என்றால் வெளியே சொல்லாமல் மறைப்பதும் உண்டு. தன்னைப்போல் இன்னொரு பிள்ளை ஊசி போட்டுக்கொள்வதை ஒருமுறைகூடக் காணாமலே வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட முகாம் புதிய யோசனை அல்ல. 1921-ல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாய்ச் செலுத்தப்பட்டது. 1925-லேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் லியோனார்ட் வென்ட் இப்பிள்ளைகளுக்கு முகாம் நடத்தினார். 1932-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த் ஆக்ஸ்போர்டில் சிறுமிகளுக்கென்று ஒரு முகாம் தொடங்கியது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த இடம் அது. அவர் பிறந்த வீட்டை 1921-ல் வாங்கிக் காத்தவர்கள் யுனிவர்சலிஸ்ட் சபையைச் சேர்ந்த பெண்கள். ஒரு சபையின் பெண்கள் சங்கம் காத்து வைத்த இடத்தில் நோயுள்ள சிறுமிகள் துள்ளி விளையாடினார்கள். நம் சபைகளின் பெண்கள் சங்கங்கள் இதைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

முகாமுக்கு யார் யார் தேவை? டாக்டரும் செவிலியரும் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர்களை நாங்கள் அனுப்புவோம். ஆனால் பிள்ளை அதிக நேரம் இருப்பது டாக்டரோடு அல்ல, தன் குழுவின் அண்ணனோடும் அக்காவோடும்தான். அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோலின்படி, தங்கும் முகாமில் 9 முதல் 14 வயதுவரையுள்ள 8 பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். 6 முதல் 8 வயதினர் என்றால் 6 பேருக்கு ஒருவர். அந்தக் கணக்கில் 40 பிள்ளைகளுக்கு 5 பேர் போதும் என்று தோன்றும். இப்பிள்ளைகளுக்கு அது போதாது. ஏன் என்று சொல்லுகிறோம்.

பகலெல்லாம் ஓடியாடி விளையாடும் பிள்ளையின் இரத்தத்தில் சர்க்கரை உடனே குறையலாம். பல மணி நேரம் கழித்து, அயர்ந்து தூங்கும்போதும் குறையலாம். விழித்திருக்கும் பிள்ளைக்கு நடுக்கமும் வியர்வையும் பசியும் எச்சரிப்புக் கொடுக்கும். தூங்கும் பிள்ளை அதை உணராமலே போகக்கூடும். ஆகவே நள்ளிரவிலும் மறுபடி இரண்டு, மூன்று மணி வாக்கிலும் ஒருவர் கைவிளக்கோடு படுக்கை படுக்கையாய்ப் போய்ப் பார்க்க வேண்டும். செவிலியர் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கும்போது உடனிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பிள்ளையை எழுப்பி, 15 கிராம் சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்போது டாக்டரை எழுப்ப ஓட வேண்டும்.

இராச்சாமத்தில் இதைச் செய்தவர் மறுநாள் பகலில் தூங்கியாக வேண்டும். களைத்த கண்ணோடு அவர் பிள்ளைகளைக் குளத்தருகே அழைத்துப் போகக் கூடாது. ஆகவேதான் பகலுக்கு ஓர் அணியும் இரவுக்கு ஓர் அணியும் கேட்கிறோம். ஒரு முகாமின் தரத்தை அதன் பாட்டிலும் விளையாட்டிலும் அல்ல, இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவரிடத்தில்தான் காண வேண்டும்.

வேறு வேலைகளும் உண்டு. சமையற்கூடத்தில் இட்லியை எண்ணியும் சோற்றை அளந்தும் பரிமாறும் கைகள் தேவை. உணவின் அளவு தெரிந்தால்தான் இன்சுலின் அளவைச் சரியாய்ச் சொல்ல முடியும். சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். ஊசி போட்டபின் பிள்ளையைக் காக்க வைக்க முடியாது. மே மாத வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகாமல் குளிர்பெட்டியையும், மின்சாரம் நின்றால் ஈர மணலிட்ட மண்பானையையும் கவனிக்க ஒருவர் வேண்டும். பயன்படுத்திய ஊசிகளை எண்ணிக் கெட்டியான டப்பாவில் சேர்க்க ஒருவர் வேண்டும். இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை, பொறுப்பு தேவை.

இன்னொரு கூட்டத்தாரைச் சிறப்பாய் அழைக்கிறோம். இதே நோயோடு வளர்ந்து இன்று படிக்கிற, வேலை பார்க்கிற வாலிபர்களே, நீங்கள் வாருங்கள். நாங்கள் மணிக்கணக்காய்ச் சொல்லி ஏற்காத பிள்ளை, நீங்கள் உணவுக்குமுன் சிரித்தபடி ஊசி போட்டுக்கொள்வதைக் கண்டால் தானும் கையை நீட்டும். "இந்த அக்கா கல்லூரிக்குப் போகிறாள், நானும் போகலாம்" என்று அது வீட்டுக்குக் கொண்டுபோகும் நம்பிக்கையை எங்கள் மருந்துச்சீட்டில் எழுத முடியாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வருகிற எல்லாரையும் நாங்கள் சேர்த்துக்கொள்ள மாட்டோம். நல்ல மனம் மட்டும் போதாது. உங்களை நன்கு அறிந்த இருவரிடம் விசாரிப்போம். உங்கள் போதகரின் கடிதம் இருந்தாலும் விசாரிப்போம். காவல்துறைச் சான்றும் கேட்போம். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் தனித்திருக்கக் கூடாது. இரவுச் சுற்றுக்கும் எப்போதும் இருவராகவே போக வேண்டும். முகாமுக்குமுன் பயிற்சிக்கு வராதவருக்குப் பொறுப்பு இல்லை. உங்களைச் சந்தேகிப்பதால் அல்ல, பெற்றோர் தங்கள் பிள்ளையை முதன்முதலாய் வீட்டுக்கு வெளியே நம்பி ஒப்படைப்பதால் இவ்வளவும் கேட்கிறோம்.

அன்பானவர்களே, உங்கள் வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் சங்கத்திலும் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற செவிலியர், ஞாயிறு பள்ளி ஆசிரியர், சபை விருந்துகளில் சமைத்துப் பழகியவர் யாரேனும் இருந்தால், "உங்களால் முடியும்" என்று நேரில் சொல்லுங்கள். அறிவிப்பைக் கேட்டு வருகிறவர்களைவிட, தெரிந்தவர் அழைத்து வருகிறவர்களே அதிகம். வர முடியாதவர்கள் சோதனைப் பட்டைகளுக்கும் ஊசிகளுக்கும் உதவலாம், ஜெபத்தில் தாங்கலாம். ஆனால் போதிய ஆட்கள் சேராவிட்டால், பணம் எவ்வளவு இருந்தாலும் முகாமை நடத்த மாட்டோம் என்று தீர்மானித்திருக்கிறோம். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அவர்களோடு விழித்திருப்பவர்களின் பட்டியல்தான் இன்னும் நிரம்ப வேண்டும்.