நாலேகால் மணிக்கு மறையும் சூரியன்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் ஏர் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடல் கடந்த நாடுகளில் பணி புரிகின்றனர். அவர்கள் ஈட்டும் ஊதியம் எவ்வளவு என்று ஊரில் பலரும் வினவுகின்றனர். டிசம்பர் மாதத்தில் அவர்கள் இல்லத்தில் ஒரு நாள் எவ்வாறு விடிந்து எவ்வாறு அடைகிறது என்று வினவுவோர் சிலரே. அந்த ஒரு நாளை அறிந்தால் நம் நோன்புகளின் பொருளும் புதிதாக விளங்கும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய புறநகர் ஒன்றில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பம் ஒன்றை மனத்திற் கொள்வோம். கணவர் மென்பொருள் பொறியாளர். மனைவி ஆய்வுக்கூடத்தில் பணி புரிபவர். பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன். குளிர்காலத்தைக் கழிக்க ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார்.

அந்நாட்டுக்கு அருகன் நெறி புதிதன்று. 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகச் சமயப் பேரவையில் வீர்சந்த் காந்தி சமணத்தின் சார்பில் உரையாற்றினார். பாஸ்டன் பகுதியில் 1973ஆம் ஆண்டிலேயே சமண மையம் ஒன்று தோன்றியது. வட அமெரிக்கச் சங்கங்களின் கூட்டமைப்பு 1981ஆம் ஆண்டு உருவாயிற்று. ஆயினும் அச்சங்கங்களில் பெரிதும் ஒலிப்பவை குஜராத்தியும் இந்தியும் ஆங்கிலமுமே. பஞ்ச நமஸ்காரம் அனைவருக்கும் பொது; தமிழில் அறம் கேட்பதோ வீட்டில் மட்டுமே இயலும். ஊரில் ஜினாலயமும் உறவும் அண்டை வீடும் சேர்ந்து சுமந்த பொறுப்பை அங்கே ஒரு வீடு தனித்துச் சுமக்கிறது.

அச்சுமையின் எடை குளிர்காலத்தில் தெரியும். நவம்பர் முதல் ஞாயிறன்று அந்நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பர். முன்னாள் மாலை ஐந்தரை மணியளவில் மறைந்த கதிரவன் அன்று நாலரை மணியளவிலேயே மறைந்துவிடும். டிசம்பரில் பொழுது சாய்வது ஏறத்தாழ நாலேகால் மணிக்கு. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவது மூன்று மணிக்கு மேல். பெற்றோர் வீடு சேர்வது ஆறு மணிக்கு. இரவுணவைத் தவிர்க்கும் நம் நோன்பு அங்கே என்ன ஆகும்?

பாட்டி ஊரிலிருந்து புறப்பட்டபோது இந்த ஐயம்தான் அவர் நெஞ்சை அரித்தது. முதல் வாரத்திலேயே விடை கண்டார். மருமகள் நாள்தோறும் இரண்டு அடுக்குப் பாத்திரங்களுடன் பணிக்குச் செல்கிறார். ஒன்று நண்பகலுக்கு, மற்றொன்று பிற்பகல் மூன்றரைக்கு. பிள்ளைகள் வீடு திரும்பியதும் பாட்டியுடன் அமர்ந்து சோறுண்கின்றனர். கணவரால் நாள்தோறும் இவ்வாறு இயலவில்லை. பணிக் கூட்டங்கள் குறுக்கிடுகின்றன. ஆதலால் அவர் அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் மழைக்கால நான்கு மாதங்களிலும் இரவில் உண்பதில்லை என்று வரையறுத்துக்கொண்டார். தன் ஆற்றலை அறிந்து அளவிட்டு ஏற்பதே இல்லறத்தாரின் அணுவிரதம். ஏற்ற அளவை அவர் மீறுவதில்லை.

இந்நிலையில்தான் விடுமுறைக் காலம் வருகிறது. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் நாள். அன்று தொடங்கும் கொண்டாட்டம் கிறிஸ்துமஸைக் கடந்து புத்தாண்டு வரை நீளும். நன்றி கூறும் நாளின் விருந்தில் நடுவே வைக்கப்படுவது வான்கோழி. அந்நாளையொட்டிக் குடியரசுத் தலைவர் ஓரிரு வான்கோழிகளுக்கு மன்னிப்பு வழங்கி விடுவிக்கும் சடங்கு 1989ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகிறது. தொலைக்காட்சியில் அதைக் கண்ட மகள், "மன்னிப்பு வழங்கும் அளவுக்கு அது என்ன குற்றம் செய்தது, பாட்டி?" என்று கேட்டாள். "அதனிடத்தில் குற்றம் ஏதும் இல்லை, கண்ணு" என்றார் பாட்டி. உயிர்களின்பால் பிழை செய்தவர் யார், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்பதைக் கூற ஒரு பேருரை அங்கே தேவைப்படவில்லை. நம் க்ஷமாவணி நாளின் கருத்து அச்சிறுமிக்கு அன்று விளங்கிற்று.

அண்டை வீட்டு மூதாட்டி விருந்துக்கு அழைத்தார். மறுத்தால் அன்பு முறியும். சென்றால் நோன்பு முறியும். அக்குடும்பம் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது. தாங்கள் ஊன் உண்ணாமைக்கும் பொழுது சாயுமுன் உண்பதற்கும் உரிய காரணத்தை மூதாட்டியிடம் பணிவுடன் எடுத்துரைத்து, அவரைச் சனிக்கிழமை நண்பகலில் தம் இல்லத்துக்கு அழைத்தது. வெண்பொங்கல், பரங்கிக்காய்க் கூட்டு, பருப்பு வடை, பாயசம், அந்நிலத்துக்கே உரிய கிரான்பெரிப் பழத்தில் செய்த தொக்கு ஆகியவை பரிமாறப்பட்டன. பரங்கிக்காய் அந்நாட்டாரின் விருந்திலும் இடம்பெறும் காய் அன்றோ! மூதாட்டி மனம் நிறைந்து சென்றார். விரதம் என்பது பிறரை விலக்கி வைக்கும் வேலி அன்று என்பதைப் பிள்ளைகள் நேரில் கண்டனர்.

பிள்ளைகளுக்கு வரும் சோதனை இன்னும் நுண்ணியது. இந்தியாவில் சைவ உணவுப் பொட்டலத்தின்மேல் பச்சைப் புள்ளி இருத்தல் சட்டப்படி கட்டாயம். அங்கே அத்தகைய கட்டாயக் குறி இல்லை. வகுப்பு விருந்தில் தரும் வெண்பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்வது வழக்கம். சில பலகாரங்களின் மாவில் பன்றிக்கொழுப்பு உண்டு. சில பாலாடைக்கட்டிகளை உறையச் செய்வது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள். ஆகவே ஏழு வயதுச் சிறுவனும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தே வாயில் இடுகிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தில் அவன் கற்ற அரிய சொற்களுள் ஜெலட்டினும் ஒன்று. தின்னாமல் வைத்த மிட்டாயைப் பார்த்துத் தோழர்கள் "ஏன்?" என்று கேட்கின்றனர். அந்த "ஏன்" என்ற வினாவை ஊரில் வளரும் பிள்ளைகளிடம் எவரும் கேட்பதில்லை.

அடுத்து வருவது பொருள்களின் வெள்ளம். நன்றி கூறும் நாளின் மறுநாளே கடைகள் விலையைக் குறைத்து மக்களை அழைக்கின்றன. அலுவலகத்தில் பரிசுப் பரிமாற்றம். பள்ளியில் பரிசுப் பரிமாற்றம். பொருளுக்கு வரம்பிடுதல் இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று; நுகர்வுக்கு வரம்பிடுதல் குணவிரதங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இவற்றை அக்குடும்பம் எளிய விதியாக்கிக்கொண்டது. வீட்டுக்குள் ஒரு விளையாட்டுப் பொருள் வந்தால் நல்ல நிலையில் உள்ள மற்றொன்று வெளியே செல்ல வேண்டும். சிறுத்துப்போன குளிர்க்கம்பளி உடைகள் துவைத்து மடித்து இல்லாதோர்க்குக் கொடுக்கப்படுகின்றன. ஊரின் உணவு வங்கிக்கு அரிசியும் பருப்பும் செல்கின்றன. மகன் முதலாண்டு அழுதான். இரண்டாம் ஆண்டு எதைக் கொடுப்பது என்று தானே தேர்ந்தெடுத்தான்.

இவ்வாறு கூறுவதால் அவ்வில்லம் தவப்பள்ளி என்று கருதிவிட வேண்டா. காலையில் சமையலறை அலமாரியில் எழுந்தருளியிருக்கும் அருகன் திருமுன் ஊதுவத்தி ஏற்றினால் கூரையிலுள்ள புகை அறிவிப்பான் அலறுகிறது. சிறுவன் துவாலையை வீசிக்கொண்டு ஓடுகிறான். தெருவெங்கும் ஒளிரும் விளக்குகளைக் கண்டு, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளிக்கு ஏற்றிய விளக்குச் சரத்தைத் தம் வீட்டிலும் கழற்றக் கூடாது என்று பிள்ளைகள் அடம் பிடிக்கின்றனர். புத்தாண்டு வரை அது தொங்குகிறது.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் அக்குடும்பத்துக்கு ஒரு பேறு வாய்க்கிறது. பள்ளி விடுமுறை, பெற்றோருக்கும் ஓய்வு. பிற்பகல் மூன்றரை மணிக்கு, வெளியே பனி மூடிய முற்றத்தில் வெயில் சாயுமுன், ஐவரும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். வார நாள்களில் தனித்தனியே காக்கப்பட்ட நோன்பு அவ்வாரத்தில் ஒரே பந்தியாகிறது. பிள்ளைகள் நெறி தவறிவிடுவார்கள் என்று ஊரில் உள்ளோர் அஞ்சும் விடுமுறைக் காலம், அவர்களை நெறியில் ஒன்றுகூட்டும் காலமாகவும் அமைகிறது.

அன்பர்களே, இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? சென்னையில் டிசம்பர் மாதத்திலும் கதிரவன் மறைவது ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணிக்கு. நாலேகால் மணி என்னும் நெருக்கடி நமக்கு இல்லை. எனினும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியின்முன் தட்டுடன் அமரும் பழக்கம் நம் இல்லங்களிலும் நுழைந்துவிட்டது. சூழல் காத்த நோன்பு, சூழல் மாறியதும் தளர்கிறது. காரணம் அறிந்து காத்த நோன்போ பனியிலும் நிற்கிறது. அங்குள்ள பிள்ளைகள் "ஏன்" என்னும் வினாவுக்கு நாள்தோறும் விடை கூறியாக வேண்டும். அவ்விடையை அவர்களுக்கு அளிக்கும் கடமை இங்குள்ள பெரியோருடையது.

அதற்கு இயற்கையே ஒரு வழி செய்துள்ளது. குளிர்காலத்தில் இங்கே காலை ஆறு மணி ஆகும்போது பாஸ்டனில் முன்னாள் இரவு ஏழரை மணி. பிள்ளைகளின் பாடங்கள் முடிந்து, உணவுக்கு இடமில்லாத மேசையைச் சுற்றிக் குடும்பம் கூடும் வேளை அது. இங்கே வழிபாட்டை முடித்த தாத்தாவும் பாட்டியும் அவ்வேளையில் கைப்பேசியில் தோன்றி, "என்ன சாப்பிட்டாய்?" என்னும் வினாவோடு நின்றுவிடாமல், நாலடியாரிலிருந்தோ அருங்கலச்செப்பிலிருந்தோ ஒரு பாடலைச் சொல்லிக் கொடுத்துப் பொருளும் கூறலாம். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். பாட்டி ஊர் திரும்பிய பின்னும் அவ்வீட்டில் தமிழும் அறமும் ஒலிப்பதற்கு வேறு உறுதியான வழி இல்லை.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர் நாளைக் காலையிலேயே அதைத் தொடங்குவாராக. அருகன் திருவடி போற்றி. வாழ்க நல்லறம்.