இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய சிகிச்சைமுறைகள் பற்றிக் கதைக்கலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் எங்கள் வகுப்புத் தோழிகள் ஒன்றுகூடினால் பேச்சு வேறிடத்தில்தான் வந்து நிற்கிறது. பதினைந்து வருடங்களுக்கு முன் பிள்ளைகளின் தடுப்பூசி பற்றிக் கதைத்த நாங்கள், இப்போது அம்மாவுக்குப் பாரிசவாதம், மாமிக்கு இடுப்பெலும்பு முறிவு என்று கதைக்கிறோம். சகோதரங்கள் கனடாவிலும் லண்டனிலும். பராமரிப்பது ஊரில் நிற்கும் ஒருத்தி. அந்த ஒருத்திக்காகவே இன்றைய பேச்சு.

வைத்தியர்களாகிய நாங்கள் ஒரு குறையை ஒத்துக்கொள்ள வேண்டும். நோயாளரை வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மருந்து எத்தனை வேளை என்று சொல்கிறோம். எப்படிப் படுக்கவைப்பது என்று சொல்ல மறக்கிறோம். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அம்மாவுக்கு வலப்பக்கம் இயங்காமல் போனபோது, ஊரிலிருந்த சகோதரிகள் இருவரும் பிரஷரையும் சீனியையும் கொப்பியில் ஒழுங்காக எழுதினோம். மூன்றாம் கிழமை, உடம்பு துடைக்க உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு மாமி, "பிள்ளையள், இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டா. முள்ளந்தண்டின் அடியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவில் கறுப்பு. வைத்தியர் இருக்கும் வீடு! அந்தப் புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது.

எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் தோல் நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்படுவதே காரணம். சில மணித்தியாலங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம், நேர், வலம் என்று மாற்றிப் படுக்கவையுங்கள். பக்கவாட்டில் முற்றாகச் சரிக்க வேண்டாம். பாரம் முழுவதும் இடுப்பெலும்பில் ஏறும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சரித்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் இன்னொரு தலையணை வைத்தால் குதிக்கால் மெத்தையில் படாது. மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள், இருவர் நின்று விரிப்போடு தூக்குங்கள். இயங்காத கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெடும். பெட்சீற்றில் சுருக்கம் இருக்கக்கூடாது. மனையியல் வகுப்பில் கட்டில் விரிக்கப் பழக்கிய ரீச்சரைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு இப்போது நினைவுக்கு வருகிறது.

தினமும் உடம்பு துடைக்கும்போது பிட்டத்தின் மேற்பகுதி, இடுப்பு, குதிக்கால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் அதுவே படுக்கைப்புண்ணின் தொடக்கம். எங்கள் நிறத்தில் சிவப்பு தெரியாமலும் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக அல்லது இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். உள்ளே நைந்த தசை இன்னும் நையும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும், தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம். காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் அது புரட்டும் வேலையைச் செய்யாது. தோல் உடைந்துவிட்டால் மஞ்சளோ பவுடரோ போடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். பம்பஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள். முட்டை, மீன், பருப்பு குறையாமல் கொடுங்கள். புரதம் இல்லாமல் புண் ஆறாது.

சாப்பாடு பற்றி ஒன்று. படுத்த நிலையில் ஒரு கரண்டி தண்ணீர்கூடப் பருக்க வேண்டாம். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்டுங்கள். இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். சாப்பிட்டபின் அரை மணித்தியாலமாவது நிமிர்ந்திருக்கட்டும்.

இனிப் பராமரிப்பவர். இவரை யாரும் நோயாளராகப் பார்ப்பதில்லை. அம்மாவின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துவிட்டுத் தன் பிரஷர் மாத்திரையை மறந்தவர்களைக் கிளினிக்கில் காண்கிறோம். நித்திரைதான் பெரிய பிரச்சினை. தோல் நலமாகவும் மெத்தை நல்லதாகவும் இருந்தால், வைத்தியரைக் கேட்டு இரவு இடைவெளியை நான்கு மணித்தியாலம்வரை நீட்டலாம். அப்போதும் ஒருவரே எல்லா இரவும் விழிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து காற்று மெத்தை வாங்க அனுப்பும் காசோடு, கிழமையில் இரண்டு இரவுக்கு ஒரு உதவியாளை வைக்கவும் அனுப்புங்கள் என்று சகோதரங்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்களுடைய மூன்றாவது சகோதரி ரொறன்ரோவில். இங்கே இரவு 2 மணி என்றால் கோடையில் அவளுக்குப் பின்னேரம் 4.30. அம்மாவைப் புரட்டும் நேரத்துக்கு அவள்தான் போன் எடுத்து எங்களை எழுப்புவாள். புரட்டி முடியும்வரை வீடியோவில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பாள்.