ஐந்து கிலோமீட்டர் சொன்ன சேதி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பத்திப் பேசச் சொன்னாங்க. ஜெயிச்சவங்கதான் பேசுவாங்கன்னு நினைச்சிருப்பீங்க. நான் ஜெயிக்கல. பங்குனியில் நடந்த பெண்கள் சாலை ஓட்டத்தில் எனக்குப் பின்னால் வந்தவங்க நாலே பேர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா அக்கா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டாங்க. எனக்கு அந்தக் கவலை இல்லை. தூரம் வெறும் 5 கிலோமீட்டர். தை மாசம் அதை 36 நிமிஷத்தில் ஓடினேன். போட்டியன்று 43 நிமிஷம்!

ஒரு நாள்கூட பயிற்சியை விடல. காலையில 5 மணிக்கு எழுந்து ஓடிட்டு வந்துதான் அடுப்புப் பத்த வைப்பேன். அப்படியும் இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குது, கால் இரும்பா கனக்குது. "வயசாச்சு, இதெல்லாம் எதுக்கு?"ன்னு வீட்டுல சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. ஓட ஓட நேரம் குறையணும். இங்கே ஏறுதே, ஏன்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஹீமோகுளோபின் 8.6. நம்மள மாதிரிப் பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். மாதவிலக்கில் அதிகமா ரத்தம் போறதுதான் காரணம்னு டாக்டரம்மா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனை உடம்பு முழுக்கச் சுமந்து போறது இந்த ஹீமோகுளோபின்தான். மெதுவா நடக்கும்போது குறை தெரியாது. வேகமா ஓடினா உடனே காட்டிக் கொடுத்துடும்.

சகோதரிகளே, ஓடாதவங்களுக்கும் இதே குறை இருக்கும். தண்ணிக் குடம் தூக்கினா படபடப்பு, மாடிப்படி ஏறினா மூச்சு, சாயங்காலம் ஆனா அசதி. அதை "வேலை ஜாஸ்தி"ன்னு சொல்லிடுறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12 பேர் உள்ள குழுவில் ஆறு பேர்னு கணக்குப் போட்டுக்குங்க.

எனக்கு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாத்தான் கொடுத்தாங்க. அதை டீயோடவோ பாலோடவோ சேர்த்துப் போட்டா உடம்புல சரியா ஒட்டாது; எலுமிச்சைச் சாறோட போட்டா நல்லா ஒட்டும். மலம் கறுப்பாப் போகும், பயப்பட வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்குது. மூணு மாசத்தில் எனக்கு 11.2 வந்திருக்கு. இப்ப 39 நிமிஷம். இன்னும் 36 வரல. 12-ஐத் தாண்டினாலும் சில மாசம் மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

சேமிப்பு, கடன், வட்டி எல்லாத்துக்கும் நம்மகிட்ட பதிவேடு இருக்கு. ரத்தத்துக்கு மட்டும் இல்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவோம்: ஒவ்வொரு குழுவும் கிராம சுகாதார செவிலியரை வரவழைத்து எல்லா உறுப்பினருக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். தலைவி அக்கா இதை முன்மொழியணும்னு கேட்டுக்கறேன். முதல் கையெழுத்து என்னோடது.